‘புட் அப்’ என்னும் இரு சொற்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசுவதற்குப் பெரியோர் இருக்கின்றனர். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் நம்மிடம் வந்து, “நீங்களும் சிறிது நேரம் பேசத்தான் வேண்டும்” என்றபோது நாம் திகைத்துப் போனோம். நாம் கற்றது பத்தாம் வகுப்பு. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக நாம் அறிந்தவை மூன்றே: கோப்பு, கோப்பைக் கட்டும் நாடா, கோப்பின் ஓரத்தில் எழுதப்படும் ஆங்கிலம். முதல் இரண்டும் இப்போது மறைந்து வருகின்றன. ஆகவே மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே தக்கது என எண்ணினோம். அதிலும் முழு ஆங்கிலத்தையும் பற்றி அன்று. ‘புட் அப்’ என்னும் இரண்டு சொற்களைப் பற்றி மட்டுமே. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், கடைசியில் ஓரிடத்தில் மட்டும் சிரிக்காதிருந்தால் போதும்.

‘புட்’ என்றால் வை, இடு, போடு என்று பொருள். ‘அப்’ என்றால் மேலே. இரண்டையும் சேர்த்தால் ‘மேலே வை’ என்று ஆகவேண்டுமல்லவா? சில வேளைகளில் அவ்வாறே ஆகின்றது. பல வேளைகளில் ஆவதில்லை. வினைச்சொல் ஒன்றும் இடைச்சொல் போன்ற சிறு சொல் ஒன்றும் சேர்ந்து, இரண்டிற்கும் இல்லாத மூன்றாவதொரு பொருளைத் தருமாயின் அதனை ஆங்கிலேயர் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925இல் வெளியிட்ட நூலொன்றில் இப்பெயரை வழங்கினார். இப்பெயரைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே நன்றியுடன் குறித்துள்ளார். பெயர் புதிதாயினும் தொல்லை பழையது. 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்சன், வினையோடு சிறு சொல் ஒட்டிப் பொருள் மாறும் இவ்வகை வழக்குகள் அயல்மொழியாளர்க்குப் பெரிதும் இடர் தருவன என்பதை முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். ஆங்கிலேயரே ஒப்புக்கொண்ட பிறகு நாம் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

நம் மொழி மட்டும் இதில் எளிதா என்று எண்ணிப் பாருங்கள். ‘கண்டுபிடி’ என்கின்றோம். கண்டு, பிறகு பிடி என்றா அதற்குப் பொருள்? தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கலாம். ஒருவன் சொன்ன பொய்யையும் கண்டுபிடிக்கலாம். பொய்யை எந்தக் கையால் பிடிப்பது? ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்று அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகின்றோம். அவர் குழந்தையை உற்றுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? ‘போடு’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகின்றோம், சண்டை போடுகின்றோம், தாழ்ப்பாள் போடுகின்றோம், விருந்தினர்க்குச் சோறு போடுகின்றோம். இந்த ஊர் இந்திக்காரர் ஒருவர் தமிழ் கற்க முன்வந்தால் அவர் முதலில் விழுந்து எழும் பள்ளம் இந்தப் ‘போடு’வாகத்தான் இருக்கும்.

நிற்க. ‘புட் அப்’ என்பதன் எளிய பொருள்களை விரைந்து சொல்லிவிடுகின்றோம். அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டுதல், கூடாரம் எழுப்புதல், வகுப்பில் கையை உயர்த்துதல், விலையை ஏற்றுதல், ஒரு காரியத்திற்குப் பணம் முதலிடுதல், எதிர்த்து நின்று போராடுதல் ஆகிய அனைத்திற்கும் இச்சொற்கள் வரும். அமெரிக்க நாட்டில் பழங்களையும் காய்களையும் பதப்படுத்திப் புட்டியில் அடைத்து வைப்பதற்கும் ‘புட் அப்’ என்றே சொல்கின்றனர். நாமும் ஊறுகாய் ‘போடு’கின்றோம். கடல் கடந்த இரு நாட்டுத் தாய்மார்கள் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே சொல்லைக் கையாள்வது வியப்பே. ‘புட்-அப் ஜாப்’ என்று சேர்த்தால் முன்கூட்டியே பேசிவைத்த சூது என்று பொருள். ஒருவனை ஒரு குறும்பிற்குத் தூண்டிவிடுவதை ‘புட் அப் டு’ என்பர். முன் வரிசைப் பிள்ளைகள் இந்தக் கடைசி வழக்கை மட்டும் உடனே மறந்துவிட வேண்டுகின்றோம்.

மாணவர்க்கு ஒரு சிறு இலக்கணம். ‘அதை’ என்னும் பொருளில் ‘இட்’ வருமானால் அது நடுவில் புக வேண்டும். ‘புட் இட் அப்’ என்பதே சரி, ‘புட் அப் இட்’ என்பது பிழை. ஆனால் ‘புட் அப் வித்’ என்று மூன்று சொல் சேர்ந்துவிட்டால் நடுவில் எவர்க்கும் இடமில்லை. ‘புட் அப் வித் இட்’ என்று ‘இட்’ கடைசியில்தான் நிற்கவேண்டும். இம்மூன்று சொல் கூட்டத்திற்குப் பின்னர் வருவோம். நாம் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நம் தந்தையார் இந்தக் காலனியில் பணியாற்றியவர் என்பதை முதியோர் சிலர் அறிவர். நாம் பாட்டியாரிடம் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரில் வளர்ந்து தமிழ்வழியில் பயின்றோம். 1997இல் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கருணை அடிப்படையில் நமக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. பத்தொன்பது வயதில், ஒரு தகரப் பெட்டியோடு, ஜி.டி. வண்டியிலிருந்து இந்த ஊரில் இறங்கினோம். தாயார் தங்கைகளோடு ஊரிலேயே தங்கிவிட்டார்.

பணியில் சேர்ந்த முதல் நாள், அடுத்த மேசையில் இருந்தவர் அன்போடு, “வேர் ஆர் யூ புட் அப்?” என்று கேட்டார். ‘எங்கே நீர் மேலே வைக்கப்பட்டிருக்கிறீர்?’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்து, நமக்கு மேலே இருப்பது யார் என்று கேட்கின்றார் போலும் எனக் கருதி, “ஹெட் கிளார்க், சார்” என்று விடை கூறினோம். அறையே சிரித்தது. தங்கியிருப்பது எங்கே என்பதே அவர் கேட்டது. ஆங்கில நாட்டில் பயணிகள் குதிரையை விடுதி லாயத்தில் கட்டிவிட்டுத் தாமும் தங்கிய காலத்திலிருந்தே, குதிரைக்கும் மனிதர்க்கும் பொதுவாக இச்சொல் வழங்கி வந்துள்ளது. இன்று அங்கே ‘ஒரு விருந்தினரை நம் வீட்டில் புட் அப் செய்தோம்’ என்பது வழக்கில் உள்ளது. ‘நான் இன்ன விடுதியில் புட் அப் செய்கின்றேன்’ என்பது பழைய பேச்சாகிவிட்டது. ‘வேர் ஆர் யூ புட் அப்’ என்று முன்பின் அறியாதவரைக் கேட்பது இந்தியர்களாகிய நம் வழக்கு.

அந்த வினாவிற்கு உண்மையான விடையைச் சொல்லவேண்டுமானால், இச்சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் என்று சொல்லியிருக்க வேண்டும். பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டே அறைகள், ஐந்து பேர். ஆறாவதாக நாம். தந்தையாரோடு ஒருகாலத்தில் ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர் என்பதைத் தவிர வேறு உறவில்லை. எட்டு மாதம் அங்கே இருந்தோம். ஆங்கிலம் தெரியாத குறை நம்மை அரித்ததால், விடியற்காலையில் பழைய ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படிப்போம். இரவுப் பணி முடித்து அண்ணன் வந்து படுக்கும் வேளையும் அதுவே என்பது நமக்கு உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் அக்காள் தாழ்வாரத்திற்கு வந்து, “தம்பி, கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறாயா? அண்ணன் இப்போதுதான் கண் அசந்தார்” என்றார். இரண்டு மாதம் என்பதைக் கவனியுங்கள். அன்று காலை நாம் படித்துக்கொண்டிருந்த எழுத்து ‘பி’; சொல் ‘புட்’. அதன் கீழே, ‘புட் அப் வித்: பொறுத்துக்கொள், சகித்திரு’ என்று கண்டிருந்தது. அந்தச் சொல் நம் மனத்தில் ஆணியடித்தாற்போல் பதிந்துவிட்டது. அவ்வளவு ஆழமாகப் பதியாதிருந்தால் நன்றாயிருக்கும்.

அலுவலகத்தில் ‘புட் அப்’ என்பதற்கு வேறொரு பொருள் உண்டு. மேலதிகாரியின் ஆணைக்காகக் காகிதத்தை உரிய குறிப்போடு அவர்முன் வைத்தல் என்பதே அது. இது நம் நாட்டு அலுவலகங்களில் வேரூன்றிய வழக்கு. இலண்டனில் ஒருவரிடம் கோப்பைப் ‘புட் அப்’ செய்யச் சொன்னால் அவர் ஏணி கொண்டுவந்து பரண்மேல் ஏற்றக்கூடும். இங்கே எழுத்தர் கீழே, அதிகாரி மேலே. ஆகவே காகிதம் மேலே போகின்றது. ஆய்விலுள்ள காகிதத்திற்குப் ‘பி.யூ.சி.’ என்று கொடி கட்டி அனுப்புவோம். (நம் மாமாக்கள் காலத்தில் கல்லூரியில் படித்த பி.யூ.சி. வேறு, அதற்கு நாம் எட்டவில்லை.) அதிகாரி ஓரத்தில் ‘புட் அப் டிராஃப்ட்’ என்பார், வரைவு எழுதிக்கொண்டுவா என்று பொருள். ‘புட் அப் ஆன் ரிட்டர்ன்’ என்பார். இன்னார் திரும்பியதும் கொண்டுவா என்று பொருள். நம் நாட்டில் ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் இந்த இரு சொற்களின் மேல் நிற்பது உண்டு. இது மிகையன்று.

1998 நவம்பரில் நம் மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. இருப்புப்பாதைப் பணியில் இருந்த கேங்மேன் ஒருவர் இறந்துபோக, அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்திருந்தார். பணிப்பதிவேட்டில் அவர் பெயர் ஒருவிதமாகவும் ரேஷன் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தைப் பெருவிரல் ரேகையிட்டுக் கொடுத்திருந்தார். அதிகாரி அதன் ஓரத்தில் பச்சை மையால் எழுதியிருந்தது இவ்வளவே: ‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்.’

நமக்குப் பெருமகிழ்ச்சி. அகராதியைப் பாராமலே பொருள் தெரிந்துவிட்டதல்லவா! ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். ‘ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’ என்றால் முந்தைய காகிதங்கள். முந்தைய காகிதங்களோடு சேர்த்துப் பொறுத்திரு. அஃதாவது, இப்போது எதுவும் செய்யாதே, பழைய கட்டில் வைத்துக் காத்திரு என்று முடிவு செய்தோம். யாரையும் கேட்கவில்லை. முதல் நாள் சிரிப்பு காதிலேயே இருந்தது. காகிதத்தைப் பழைய கட்டில் சேர்த்து, சிவப்பு நாடாவால் அழகாகக் கட்டி, பெட்டகத்தில் வைத்தோம்.

அந்த அம்மையார் ஒன்பது வாரத்தில் நான்கு முறை வந்தார். ஊர் பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவு. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போயிற்று. வராந்தாவில் அவர் வரும்போதே கால் தண்டை ஒலி கேட்கும். இந்தப் பக்கத்துக் கிராமப் பெண்கள் அணியும் கனத்த வெள்ளித் தண்டை. “பாபுஜி, என் காகிதம் என்ன ஆயிற்று?” என்பார். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், “சப்ர் கீஜியே” என்போம். அந்தச் சொல்லை நாம் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தமிழில் ‘பொறு’ என்றால் சகித்துக்கொள் என்றும் பொருள், சற்றுக் காத்திரு என்றும் பொருள். இந்தியில் ‘சப்ர்’ என்பதும் அவ்வாறே. அதிகாரி ஆங்கிலத்தில் இட்ட ஆணையை நாம் தமிழில் புரிந்துகொண்டு இந்தியில் நிறைவேற்றுவதாக நினைத்தோம். மூன்று மொழியிலும் பொறுத்தவர் அந்த அம்மையார் ஒருவரே.

நான்காம் முறை அவர் வந்தபோது தண்டை ஒலி கேட்கவில்லை. மேசைக்கு எதிரில் வந்து நின்ற பிறகே அவரைக் கண்டோம். கீழே பார்த்தோம், கால்கள் வெறுமையாக இருந்தன. அப்போதும் “சப்ர் கீஜியே” என்றுதான் சொன்னோம்.

1999 ஜனவரியில் நிலுவைப் பட்டியல் எடுத்தார்கள். நம் ஹெட் கிளார்க் வங்காளப் பெரியவர். எல்லோரும் ‘தாதா’ என்றே அழைப்போம். அவர் அந்தப் பெயரைப் படித்து, காகிதம் எங்கே என்றார். நாம் பெருமிதத்தோடு கட்டைக் கொண்டுவந்து, நிறுத்திவைக்கும்படி ஆணை உள்ளது என்று ஓரக் குறிப்பைக் காட்டினோம். தாதா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். சிரிக்கவில்லை. காது இடுக்கில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ‘அப்’ என்பதற்கும் ‘வித்’ என்பதற்கும் இடையில் நெடுக்காகச் சிறு கோடு ஒன்று இழுத்தார். “இப்போது படி” என்றார்.

‘புட் அப்’, கோடு, ‘வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்.’ முந்தைய காகிதங்களோடு சேர்த்து எம்முன் வை!

பத்தாம் வகுப்பில் தமிழாசிரியர் நமக்குப் பொதுமொழி என்று கற்பித்தார். ‘தாமரை’ என்பது ஒன்றாய் நின்றால் பூ. ‘தா மரை’ என்று பிரிந்தால் தாவுகின்ற மான். ‘வேங்கை’ என்று நின்றால் விலங்கு. பிரிந்தால் வேகின்ற கை. நன்னூலில் உள்ள செய்தி. தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றோம். ‘புட் அப் வித்’ என்பதும் ஒரு பொதுமொழியே என்பது நம் புத்திக்கு எட்டவில்லை. ஒன்றாய் நின்றால் ‘பொறுத்துக்கொள்’. ‘வித்’ பிரிந்து அடுத்த சொல்லோடு சேர்ந்தால் ‘இதனோடு கொண்டுவந்து வை’.

தாதா நம்மீது புகார் எழுதவில்லை. காகிதம் வேறு கட்டில் கலந்துவிட்டதாகவும் தாமதத்திற்கு வருந்துவதாகவும் தம் கையாலேயே குறிப்பெழுதிக் கையெழுத்திட்டு, அன்று மாலைக்குள் மேலே கொண்டுபோனார். சில வாரங்களில் ஓய்வூதியம் ஆணையாயிற்று. நிலுவையும் சேர்ந்து வந்தது. பிறகொரு நாள் பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டியபோது, நம் தாயாரின் பெயர் கண்ணில் பட்டது. தந்தையார் இறந்த ஆண்டில் தாயார் அனுப்பிய குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் அதே பிரிவுக்கு வந்து, பதினொரு நாளில் மேலே போயிருந்தது. எதிரே தாதாவின் சுருக்கெழுத்து. அதை அவர் ஒருநாளும் நம்மிடம் சொன்னதில்லை.

அந்த அம்மையார் ஐந்தாம் முறையும் வந்தார். காகிதத்தில் ஒரு பொட்டலம் பேடா கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். “இவ்வளவு நாள் ஏன் ஆயிற்று, பாபுஜி?” என்று கேட்டார். குறை சொல்லும் குரலில் அன்று, அறிந்துகொள்ளும் குரலில். “சாகிப் விடுப்பில் இருந்தார்” என்றோம். சாகிப் ஒருநாளும் விடுப்பில் இல்லை. பேடா ஒன்றை எடுத்து உண்ணவும் உண்டோம். தண்டை எங்கே என்று கேட்கும் துணிவு வரவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தச் செய்தியைத் தாதாவைத் தவிர, வீட்டில் உள்ளவரிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் இப்போதுதான் கேட்கின்றார்.

‘புட் அப் வித்’ என்பதன் அளவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். துன்பத்தைத் தாங்குவதற்கு ஆங்கிலத்தில் ‘பேர்’ என்றும் ‘எண்ட்யூர்’ என்றும் சொற்கள் உள்ளன. ‘புட் அப் வித்’ பெரும்பாலும் சிறு தொல்லைகளுக்கு உரியது. அடுத்த வீட்டு வானொலி, காலையில் ஒருமணி நேரமே வரும் குழாய்நீர், மே மாதத்துப் புழுக்கத்தில் மின்விசிறி நிற்பது இவற்றையெல்லாம் ‘புட் அப்’ செய்கின்றோம். மகனை இழந்தவர் துயரத்தைப் ‘புட் அப்’ செய்வதாக எவரும் எழுதார். பொறையுடைமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளாரே, அதை இந்த மூன்று சொல்லால் மொழிபெயர்க்க முற்பட்டால் அது சிறுத்துப்போகும். விடியற்காலையில் அகராதி ஓதியவனை அக்காளும் அண்ணனும் பொறுத்தது ‘புட் அப் வித்’. அந்த அம்மையார் பொறுத்ததற்கு அச்சொல் போதாது.

இப்போது எங்கள் பிரிவில் கோப்புகள் கணினித் திரையில் நகர்கின்றன. பச்சை மையும் இல்லை, பென்சில் கோடு இழுக்கவும் வழியில்லை. ஆனால் ‘புட் அப்’ மட்டும் அப்படியே இருக்கின்றது. நாம் குறிப்பெழுதும்போது ‘புட் அப் வித்’ என்று ஒருபோதும் எழுதுவதில்லை. ‘புட் அப் அலாங் வித்’ என்று ஒரு சொல்லைக் கூட்டியே எழுதுவோம். பீகாரிலிருந்து வந்துள்ள இளம் எழுத்தர், “பாபுஜி, ஒரு சொல் வீணாக வருகிறதே” என்று திருத்தினார். இருக்கட்டும் என்றோம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு பணிக்கு வந்துள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர், ஒருவர் தென்காசிப் பக்கம், மற்றவர் தருமபுரிப் பக்கம், நிலையத்தருகே ஒரு விடுதியில் நாள் வாடகைக்குத் தங்கியுள்ளனர். குவார்ட்டர்ஸ் கிடைக்க இன்னும் ஐந்தாறு மாதம் ஆகலாம். ஒருவரை நம் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கவைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டோம். மற்றவர்க்கு இடம் வேண்டும். அவர் இரவில் தொலைபேசியில் உரக்கப் பேசுவார் என்று கேள்வி. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. இடம் உள்ளவர்கள் நாடகம் முடிந்ததும் செயலாளரிடம் தெரிவிக்கக் கோருகின்றோம்.